ராக் பாடகருக்கு நான் எழுதிய கல்வெட்டு

2006ஆம் ஆண்டின் தொடக்கம். ஒஸ்லோவில் அந்த முறை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. நகரின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், மறதி நோய் உள்ளவர்களுக்கான பிரிவில் நான் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்த கத்தோலிக்கன் நான். ஊரை விட்டு வந்து அப்போது பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்வெட்டு எழுதுவது. கல்வெட்டு என்றதும் கோயில் சுவரையும் சோழ மன்னரையும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, செபங்கள், பிள்ளைகள் புலம்புவதாகச் சில பாடல்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்போம். ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் வீட்டில் துயரம் நடந்தாலும் ஒரு கிழமைக்குள் என் தொலைபேசி அடித்துவிடும்.

உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அருமைத் தந்தையும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். என் கல்வெட்டுகளில் வருகிற ஒருவர்கூடக் குடித்ததில்லை. காணி எல்லைக்காகச் சகோதரனோடு கதையாமல் இருந்ததில்லை. எல்லோரும் மலர்ந்த முகமும் இளகிய மனமும் கொண்டவர்கள். குடும்பத்துக்குப் பிடிக்காத பெயர் ஏதும் இருந்தால் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டுவார்கள், நானும் விட்டுவிடுவேன். பக்கத்து நகரமான திராமனில் ஒரு வீட்டில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைக் கட்டிக்கொண்டு போன மூத்த மகளைப் போட வேண்டாம் என்றார்கள். நான்கு பிள்ளைகளை மூன்று ஆக்கினேன்.

அந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு ஓர் ஆங்கிலேயர் வந்தார். வயது அறுபத்திரண்டுதான். எங்கள் இல்லத்துக் கணக்கில் அது இளமை. நரைத்த தலைமுடியைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருப்பார். வந்த அன்றே என் நோர்வேஜியச் சகாக்களில் ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சாட்டு வைத்துக்கொண்டு அவருடைய அறைப் பக்கம் போய்ப் போய் வந்தார்கள். அவர் ஒரு காலத்தில் ராக் பாடகராம். எழுபதுகளில் அவருடைய பாட்டு ஒன்று ஒலிக்காத வானொலி இல்லையாம். எங்கள் பிரிவுத் தலைவி பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்த இசைத்தட்டைத் தேய்ந்துபோகும்வரை கேட்டவராம். எனக்கு அவரை யாரென்றே தெரியாது. நான் சினிமாப் பாட்டும் கோயில் பாட்டும் பைலாவும் கேட்டு வளர்ந்தவன்.

இந்தக் கதையில் ஆங்கிலத்திலும் நோர்வேஜிய மொழியிலும் பேசியவர்கள் எல்லோரும் இனி என் வாய்வழியாக யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. அதில் நான்கு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. எங்கே பிறந்தார், என்ன வேலை, யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார், எதைக் கேட்டால் சிரிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நோய் முற்றி அவர்களுக்கே தங்களை மறந்துபோகும்போது, வேலைக்கு வருகிறவர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அவர்களோடு கதைப்பார்கள். வழக்கமாகக் குடும்பத்தவர்கள் சொல்ல நாங்கள் எழுதுவோம். இவருக்கு யாரும் இல்லை. நோர்வேஜிய மனைவி இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. ஆகவே நினைவு இருக்கும்போதே அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டியிருந்தது.

"உமக்கு இங்கிலீசும் வரும், எழுத்தும் வரும். நீரே எழுதும்," என்றார் பிரிவுத் தலைவி. என் கல்வெட்டுப் புகழ் அவருடைய காது வரைக்கும் போயிருந்தது. போகும்படி செய்தவனும் நான்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போவேன். அவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்து சொல்லுவார். நான் தமிழில் கிறுக்குவேன். சில நாட்கள் நன்றாகச் சொல்லுவார். சில நாட்களில் ஒரே சம்பவத்தை மூன்று முறை சொல்லுவார், மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் பிறந்தவர். தகப்பன் கப்பலில் மூட்டை இறக்குகிற தொழிலாளி. சின்ன வயதில் தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடியிருக்கிறார். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்களாம். அந்த உடைந்த குரல்தான் பிறகு சோறு போட்டது என்று சிரித்தார். பதினேழு வயதில் நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து ஓர் இசைக்குழு. பழைய வான் ஒன்றில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு மதுக்கூடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் பாடியிருக்கிறார். பிறகு அந்த ஒரு பாட்டு. அதற்குப் பின் அமெரிக்கா, பெரிய அரங்குகள், குடி. ஒரு நாள் மேடையில் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அவர் படுக்கையில் இருக்கும்போதே குழுவினர் வேறொரு பாடகரைப் பிடித்துக்கொண்டு மிச்சப் பயணத்தை முடித்தார்கள்.

குரல் பாதியாகத் திரும்பி வந்தது. அந்தப் பாதிக் குரலோடு சின்னச் சின்ன இடங்களில் பாடித் திரிந்தபோது ஒரு நோர்வேஜியப் பெண்ணைக் கண்டு, அவரோடு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். இங்கே பன்னிரண்டு வருடம் டென்மார்க் போகிற கப்பலில் பாடியிருக்கிறார். மலிவு விலைச் சாராயம் வாங்கப் போகிறவர்கள் சாப்பிடுகிற மண்டபத்தில். நானும் ஒரு தரம் மனைவியோடு அந்தக் கப்பலில் போயிருக்கிறேன். மேடையில் யாரோ பாடினார்கள். திரும்பிப் பார்க்காமல் இறால் உரித்துத் தின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தனக்கு ஒரு மகள் இருப்பதைச் சொன்னார்.

பிரபலம் வருவதற்கு முன்பு ஒரு பெண்ணோடு வாழ்ந்திருக்கிறார். கலியாணம் செய்யவில்லை. ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போது அமெரிக்கப் பயணம் கிடைத்தது. ஆறு கிழமையில் வருவேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறார். அதற்குள் தாய் வேறொருவரோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்தத் தெருவின்ரை பேர் எனக்குத் தெரியும். நான் போகேல்லை," என்றார். பிறகு மகளின் பெயரைச் சொன்னார். என் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, "அவளையும் போடும். விட்டிடாதையும்," என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன். கொப்பியிலும் எழுதினேன்.

சனிக்கிழமை வீட்டில் சமையலறை மேசையில் இருந்து எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் செம்மையாக எழுதத் தொடங்கினேன். தேவாலயம், வான், ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் ஓடி ஓடி வந்தன. குடியை 'கலைஞர்களுக்கே உரிய அலைச்சல்' ஆக்கினேன். மகளிடம் வந்ததும் பேனை நின்றது. கலியாணம் செய்யாமல் பெற்ற பிள்ளை, அதையும் விட்டுவிட்டு ஓடிய தகப்பன். இதை வாசிக்கப் போகிறவர்கள் யார்? காலையில் அவரைக் குளிக்க வார்க்கிற, உடுப்பு மாற்றிவிடுகிற பிள்ளைகள். அவர்கள் முகத்தைச் சுளித்தால்? ஒரு மனிதனை அவனுடைய கடைசிக் காலத்தில் ஏன் அவமானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பழக்கம் அப்படி. அந்தப் பந்தியை விட்டேன். 'பிள்ளைகள்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று அதில் 'இல்லை' என்று எழுதினேன். அவருக்கு நல்லது செய்த திருப்தியோடு தேத்தண்ணி குடித்தேன்.

பிரிவுத் தலைவி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இப்படி ஒரு வாழ்க்கைக் குறிப்பு இந்த இல்லத்தில் இதுவரை இருந்ததில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பாடகரிடமும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் மெதுவாக வாசித்தார். திருப்பித் தரும்போது, "நல்ல மனிசன். இவரை நான் ஒருநாளும் சந்திச்சதில்லை," என்றார். ஆங்கிலேயருக்கே உரிய பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பனி கரைந்து தெருவோரத்தில் சேறானபோது அவருடைய நினைவும் மளமளவென்று போகத் தொடங்கியது. காலையில் எழும்பி, மேடைக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைத் தேடுவார். புதிதாக வருகிறவர்கள் என் குறிப்பைப் பார்த்து அவரோடு கதைப்பார்கள். கப்பலைப் பற்றிக் கேட்டால் முகம் தெளியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து சில கிழமைகள் இருக்கும். வார இறுதியில் எனக்கு லீவு. திங்கட்கிழமை வேலைக்குப் போய், வழக்கம்போல அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது: இங்கிலாந்தில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார், பாடகரின் மகள் என்று சொன்னார், கோப்பைப் பார்த்தோம், பிள்ளைகள் இல்லை, ஆகவே தகவல் எதுவும் கொடுக்க முடியாது என்று சொல்லப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில்: அதே பெண் மீண்டும் எடுத்தார், அதே பதில் சொல்லப்பட்டது, யாரோ ரசிகையாக இருக்கலாம்.

வார இறுதியில் வேலைக்கு வந்த மாணவி எந்தப் பிழையும் செய்யவில்லை. இங்கே நோயாளிகளைப் பற்றி வெளியாருக்கு மூச்சும் விடக்கூடாது. அதோடு சில கிழமைகளுக்கு முன்புதான் ஒரு ரசிகை, தான் அவருடைய தங்கச்சி என்று பொய் சொல்லிக்கொண்டு வாசல்வரை வந்திருந்தார். அந்தப் பிள்ளை கோப்பை நம்பினாள். கோப்பில் நான் எழுதியது இருந்தது.

அன்று முழுக்க நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பாடகருக்கு மத்தியானம் சூப் பருக்கிவிட்டேன். அவர் நன்றி சொன்னார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை போய்விடுமோ, பிரிவுத் தலைவி என்ன நினைப்பார், எனக்கு இருந்த பெயர் என்னவாகும் என்றுதான் மனம் ஓடியது. அந்த மகளைப் பற்றி மனம் ஓடவில்லை.

பின்னேரம் மனைவி வேலை முடிந்து வந்தாள். ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் வேலை. நாள் முழுக்க நின்ற காலை நீட்டிக்கொண்டு இருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன்.

"ஆரின்ரை மானம்?" என்றாள். "அவர் போடச் சொல்லிக் கேட்டவர். நீங்கள் உங்கடை மானத்தைக் கொண்டுபோய் ஆரின்ரையோ வாழ்க்கையிலை பூசியிருக்கிறியள்."

நான் எழும்பிக் கொப்பியை எடுத்து அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தேடினேன்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை ரெண்டு தரம் எடுத்திட்டுது. மூண்டாந்தரம் எடுக்காது. நானெண்டால் எடுக்கமாட்டன்," என்றாள். பிறகு எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் காலை கொப்பியை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே தமிழில் எழுதியிருந்ததை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்தேன். "அவளையும் போடும், விட்டிடாதையும்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பேச்சைப் பிறகு வைப்பம். முதலிலை நம்பரைத் தேடுவம்," என்றார்.

மாணவி இலக்கத்தைக் குறித்து வைக்கவில்லை. பிரிவில் இருந்தது ஒரேயொரு தொலைபேசி. வந்த அழைப்புகளில் கடைசி முப்பதை மட்டும் அது ஞாபகம் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? இருவரும் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போனோம். மருந்துக்கடை, வைத்தியர், யாரோ ஒருவரின் மகன், மீண்டும் மருந்துக்கடை. இருபத்தேழாவது இலக்கம் 0044 என்று தொடங்கியது. இன்னும் நான்கு பேர் எடுத்திருந்தால் அது போயிருக்கும்.

"நீரே எடும்," என்று கருவியை என் கையில் தந்தார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். இல்லத்தின் பெயரைச் சொன்னேன். கோப்பில் 'இல்லை' என்று எழுதியவன் நான்தான் என்றேன். நீளமாக மன்னிப்புக் கேட்க ஆங்கிலத்தில் வசனம் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை இல்லையெண்டு அவரே சொன்னவரோ?"

என் கண்கள் அப்போதுதான் திறந்தன. நான் ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு சொல், கடல் தாண்டிப் போய், உன் தகப்பன் உன்னை இல்லையென்று சொல்லிவிட்டான் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறது. இல்லை, அவர் உங்களுடைய பெயரைச் சொல்லி, எழுதச் சொல்லிக் கேட்டார், நான்தான் விட்டேன் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் அழுகிறார் என்று விளங்கியது. எனக்கும் அழுகை வந்தது. பிரிவுத் தலைவி எழும்பிக் கதவைச் சாத்தினார்.

இரண்டு கிழமை கழித்து மகள் வந்தார். டி-பானே என்கிற சுரங்க ரயில் நிலையத்துக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். நாற்பது வயதை நெருங்கிய, அமைதியான பெண். பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறாராம். தகப்பன் இருக்கும் இடத்தைப் பழைய குழுக்காரர் ஒருவர்தான் சொன்னாராம். ஏற்றத்தில் நடந்து வரும்போது தானாகவே ஒரு விஷயம் சொன்னார். பதினைந்து வயதில், தங்கள் ஊருக்குத் தகப்பன் பாட வந்தபோது, தாய்க்குத் தெரியாமல் போய் இசைத்தட்டில் கையெழுத்து வாங்குகிற வரிசையில் நின்றாராம். என்ன பெயர் போட என்று அவர் நிமிர்ந்து கேட்டிருக்கிறார். பெயரைச் சொன்னால் தெரிந்துவிடும் என்ற பயம். சொல்லியும் அவருக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது. பக்கத்தில் நின்ற சிநேகிதியின் பெயரைச் சொல்லிவிட்டாராம். அந்த இசைத்தட்டு வேறொரு பெயரோடு இன்றைக்கும் தன் வீட்டில் இருக்கிறது என்றார்.

தகப்பன் இப்போது யாரையும் அடையாளம் காண்பதில்லை என்று முன்பே சொல்லி வைத்தேன். தலையாட்டினார்.

பாடகர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். என் கையில் கோப்பு இருந்தது. திருத்தி எழுதிய குறிப்பை மகளுக்குக் காட்டுவதற்காக எடுத்து வந்திருந்தேன். மகள் முன்னால் இருந்த கட்டில் விளிம்பில் அமர்ந்தார். பாடகர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கையெழுத்துக் கேட்டு வந்தவர் என்று நினைத்துவிட்டார். குறிப்புத் தாளையும் பேனையையும் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிச் சரிசெய்துவிட்டு, எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்ன பேர் போட?"

மகள் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டார். பிறகு தன் பெயரைச் சொன்னார்.

பேனை தாளில் படவில்லை. பாடகர் அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"நல்ல பேர். எனக்கும் இந்தப் பேரிலை ஒரு மகள் இருக்கிறாள். மூண்டு வயசு," என்றார். "நாங்கள் அமெரிக்காவுக்குப் போறம். ஆறு கிழமையிலை வந்திடுவன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"ஓம், அவளுக்குத் தெரியும். பாத்துக்கொண்டிருப்பாள்," என்றார் மகள்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குனிந்து எழுதினார். அந்தப் பெயரையும் அதன் கீழே தன் கையெழுத்தையும். எழுத்து கோணல் மாணலாகத்தான் இருந்தது. மகள் அந்தத் தாளைத் தன்னோடு கொண்டுபோனார். கோப்புக்கு நான் மூன்றாம் முறையாக எழுத வேண்டி வந்தது. கலைஞர்களுக்கே உரிய அலைச்சலை எடுத்துவிட்டுக் குடி என்றே எழுதினேன். 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் ஒரு மகள் என்றும், அவருடைய பெயரையும், தொலைபேசி இலக்கத்தையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருடம் இருந்தார். மகள் பாடசாலை விடுமுறைக்கெல்லாம் வந்து போனார். ஒவ்வொரு முறையும் பாடகர் பெயர் கேட்பார், அவர் சொல்லுவார். கடைசியில் இறுதிச் சடங்கின்போது தகப்பனைப் பற்றி மகளே எழுதி வாசித்தார். அதில் தகப்பன் விட்டுவிட்டுப் போனதும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

நான் இப்போதும் கல்வெட்டு எழுதுகிறேன். முன்போல அதிகம் பேர் என்னைத் தேடி வருவதில்லை, ஏனென்றால் ஒரு பெயரை விடச் சொன்னால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். திராமனில் நான் விட்ட அந்த மூத்த மகளின் இலக்கத்தையும் தேடிப் பிடித்துக் கதைத்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்து 'பிள்ளைகள்' என்று தலைப்புப் போடும் ஒவ்வொரு முறையும், எங்கேயோ ஒருவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் தரம் எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.